இடுப்பில் இருந்த ஆறு வயது

திகதி பிழையாகத் தெரிகிறது என்று யாராவது கூப்பிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். கணினி விரிதாளில் திகதிகள் மேலிருந்து கீழாக நிற்கும் அந்த நிரலைத் தெரிவுசெய்து, வடிவமைப்பை மாற்றுவீர்கள். நாளும் மாதமும் ஆண்டும் ஒழுங்காக வந்ததும் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவீர்கள். நானும் அப்படித்தான் செய்தேன். வேலையிலிருந்து இளைப்பாறி இத்தனை காலமாகியும் அந்தத் தேநீர் எனக்குச் செமிக்கவில்லை. ஆகவே, புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, இதை உபதேசம் என்று எடுக்க வேண்டாம். உபதேசம் செய்யும் தகுதி எனக்கு ஏன் இல்லை என்பதைத்தான் எழுதியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் வன்னியில் ஒரு நிவாரண நிறுவனத்தில் நான் தரவுப் பதிவாளராக இருந்தேன். ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகும் பாதையில் யாரோ விட்டுவிட்டுப் போன வீடு ஒன்றுதான் எங்கள் கந்தோர். முன்னறையில் கணினி, அதன் யன்னலுக்கு வெளியே விறாந்தை, விறாந்தையில் சனம். மின்சாரம் என்பது பழைய கதை. மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேட்டர் ஒன்று காலையில் இரண்டு மணித்தியாலம் உறுமும். அந்த இரண்டு மணித்தியாலம் மட்டும் நாங்கள் நவீன யுகத்தில் இருப்போம். மிச்ச நேரத்தில் கணினிக்கு மேல் பூப்போட்ட துணி ஒன்று போர்த்திக் கிடக்கும்.

கணினிக்குள் ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவில் ஒரு பற்றரி இருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்திலும் திகதியை மறக்காமல் வைத்திருப்பது அதுதான். எங்களுடையது செத்துப் போயிற்று. யுத்தத் தடையால் வன்னிக்குள் பற்றரி கொண்டுவர இராணுவத்தின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில் ‘என்ன தேவைக்கு’ என்ற இடத்தில் ‘இன்று என்ன திகதி என்று அறிவதற்கு’ என்று உண்மையை எழுதினேன். விண்ணப்பம் திரும்பி வந்தது. ஆகவே எங்கள் கணினி ஒவ்வொரு காலையும் ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பதாம் ஆண்டு தை முதலாம் திகதியில் கண் விழிக்கும். ஜனவரியைத் தை, டிசம்பரை மார்கழி என்று சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். நான் சுவர் நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, அதைப் பார்த்து இன்றைய நாளைச் சொல்லிக் கொடுப்பேன். அது மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

இந்த நிலையில்தான் கொழும்புத் தலைமையகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கும்போது உலகக் கணினிகள் எல்லாம் திகதி குழம்பி நின்றுவிடும் என்று அப்போது ஒரு பெரிய பயம் இருந்தது. உங்கள் கணினி இரண்டாயிரத்துக்குத் தயாரா என்று கேட்டிருந்தார்கள். எண்பதிலிருந்து எண்பத்தொன்றுக்கே போக முடியாத கணினியை வைத்துக்கொண்டு எங்கள் இணைப்பாளர் ‘தயார்’ என்ற பெட்டிக்குள் சரி போட்டு அனுப்பினார்.

இணைப்பாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர், மாவட்ட அரசாங்கக் கச்சேரியின் பழைய உத்தியோகத்தர். கணினியை ஒருநாளும் தொட்டதில்லை. தொடாததால் வந்த பக்தி அவருக்கு நிறைய. முன்னறைக்குள் வரும்போது செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வருவார். ஒருநாள் திகதி நிரல் ஒடுங்கிப்போய், திகதிகள் இருந்த இடமெல்லாம் வேலி அடைத்தது போல வரிசையாகக் குறிகள் நின்றன. இடம் போதாவிட்டால் அது அப்படித்தான் காட்டும். இணைப்பாளர் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, “கொழும்பிலை மறைச்சுப்போட்டாங்கள், தங்கச்சி” என்றார். விளக்கம் கோரி ஒரு கடிதமும் சொல்லச் சொல்ல என்னைக் கொண்டு தட்டச்சுச் செய்வித்தார். கடிதம் முடிந்த பிறகு நான் நிரலை ஒரு விரற்கடை அகலமாக்கினேன். திகதிகள் எல்லாம் வந்துவிட்டன. எழுதிய கடிதம் வீணாகக் கூடாது என்று அதையும் அனுப்பினோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாயிரம் பிறந்துவிட்டிருந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மாதம் ஒருமுறை சத்துமா கொடுத்தோம். பிள்ளைகளின் விபரப் படிவங்களில் பாதியை நான் எங்கள் கணினியில் பதிந்தேன். மற்றப் பாதியைக் கொழும்புக்கு வந்திருந்த ஒரு வெளிநாட்டு ஆலோசகர், உதவி செய்கிறேன் பேர்வழி என்று, தன்னுடைய மடிக்கணினியில் பதிவித்து ஒரு பிளொப்பித் தட்டில் அனுப்பினார். அவருடைய கணினி வேறு இனம். நாங்கள் கண்ணால் காணாத வகை.

தட்டைப் போட்டுத் திறந்தேன். திகதிகள் சரியாக இருந்தன. அவர் கூடவே அனுப்பிய ஐந்தாறு படிவப் பிரதிகளோடு ஒப்பிட்டும் பார்த்தேன், சரி. பிறகு எல்லாவற்றையும் பிரதிபண்ணி எங்கள் பட்டியலின் அடியில் ஒட்டினேன். ஒட்டிய பிறகு பார்க்கவில்லை. கவனியுங்கள், ஒட்டுவதற்கு முன்பு பார்த்தவள் ஒட்டிய பிறகு பார்க்கவில்லை. அத்தோடு, எது கொழும்பிலிருந்து வந்தது, எது நான் பதிந்தது என்று ஒரு அடையாளமும் வைக்காமல் முழுப் பட்டியலையும் பெயர் ஒழுங்கில் அடுக்கினேன். பார்க்க நன்றாக இருந்தது. இணைப்பாளர் அந்தப் பிளொப்பித் தட்டை வாங்கி, தட்டு வீணாகக் கூடாது என்று, உள்ளிருந்ததை அழிப்பித்துத் தன் கடிதங்களைப் பதிவித்தார்.

அடுத்த விநியோக நாளில் கணினி தானாக வயதைக் கணக்கிட்டது. ஐந்துக்கு மேற்பட்டவர்களைத் தானாகக் கழித்தது. பட்டியல் பாதியாகச் சுருங்கியது. இணைப்பாளருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “பாத்தீரே, போசாக்குக் குறைஞ்ச பிள்ளையள் குறைஞ்சு போச்சு. திட்டம் வேலை செய்யுது” என்றார். அதையும் கொழும்புக்கு எழுதினோம். அவர்களும் பாராட்டி எழுதினார்கள்.

பெயர்களை வாசித்து முடிந்ததும் யன்னலுக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் பிலோமினா. கொக்கிளாய்ப் பக்கத்துக் கடற்தொழில் குடும்பம், பலமுறை இடம்பெயர்ந்து எங்கள் பக்கத்துக்கு வந்திருந்தார்கள். கடலில்லாத இடத்தில் அவளுடைய மனிசன் விறகு வெட்டிக்கொண்டிருந்தான்.

“மிஸ், என்ர பிள்ளையின்ர பேர் கூப்பிடேல்லை.”

“என்ன பேர்?”

“நத்தாலியா.”

தேடினேன். பெயர் இருந்தது. “அவவுக்கு ஆறு வயசு, அம்மா. அஞ்சுக்கு மேலை குடுக்கிறேல்லை.”

பிலோமினா குனிந்து தன் இடுப்பைப் பார்த்தாள். அங்கே அந்த ஆறு வயது பெருவிரலைச் சூப்பிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. முழங்கால் இரண்டும் தனியாகத் தெரிந்தன. தலை மட்டும் பெரிதாக இருந்தது.

“ஆருக்கு மிஸ் ஆறு வயசு?”

“நத்தாலியாவுக்கு.”

“இவள்தான் நத்தாலியா.”

இணைப்பாளர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். யன்னலுக்கு வெளியே பிள்ளையைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

“போசாக்கு இல்லாட்டி உப்பிடித்தான்” என்றார். “ஆறு வயசுப் பிள்ளை ரண்டு வயசு மாதிரித் தெரியும்.”

“அப்ப போசாக்கு இல்லாத பிள்ளைக்குத்தானே ஐயா சத்துமா?”

“ஓம். ஆனா அஞ்சு வயசுக்குக் கீழை இருக்கவேணும்.”

பிலோமினா ஒரு பொலித்தீன் பைக்குள்ளிருந்து பிள்ளையின் நிறை அட்டையை எடுத்து நீட்டினாள். மருத்துவமாது மாதாமாதம் பிள்ளையை நிறுத்து, கோடு கீறிக் கொடுக்கும் அட்டை. அதன் மேலே பிறந்த திகதி பேனையால் எழுதப்பட்டிருந்தது. இடப்பெயர்வில் தொலைந்த அட்டைகளுக்குப் பதிலாக அந்த மருத்துவமாது ஒரே நாளில், ஒரே பேனையால் பலருக்கும் புதிதாக எழுதிக் கொடுத்திருந்தா. அதுவே எங்களுக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது.

“உது பேனையாலை எழுதினது” என்றார் இணைப்பாளர். “இது கொம்பியூட்டர். பிறப்புச் சான்றிதழ் இருக்கோ?”

“அது வீட்டோட போட்டுது, ஐயா.”

அவள் என் பக்கம் திரும்பினாள். நானும் ஒரு பெண், வயதும் ஏறக்குறைய ஒத்திருக்கும், நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருக்க வேண்டும். நான் சொன்னேன். “கொம்பியூட்டர் பிழை விடாது, அம்மா” என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அன்றைக்கு அவள் மட்டுமல்ல, அப்படி நிறையப் பேர் திரும்பிப் போனார்கள். தாய்மார் மாவுக்காக வயதைக் குறைத்துச் சொல்கிறார்கள் என்பது இணைப்பாளரின் முடிவு. ஆனாலும் நியாயம் தவறாத மனிதர் என்பதால் அவர்களுக்காக ‘வயது ஆட்சேபனைப் படிவம்’ என்று ஒன்றை உருவாக்கினார். அதை நிரப்பி, பட்டியலில் உள்ள பிறந்த திகதியோடு ஒத்துப்போகிறது என்று உறுதிப்படுத்திக் கொடுத்தால், பட்டியலில் உள்ள பிறந்த திகதி பிழை என்று விசாரிக்கலாம். இதை நான் நேர்த்தியாகத் தட்டச்சுச் செய்து கொடுத்தேன். இரண்டாம் மாதம் பிலோமினா வந்து படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு போனாள். பிள்ளை முன்னைப் போல என்னைப் பார்க்கவில்லை. தாயின் தோளில் தலையைப் போட்டுக்கொண்டு கிடந்தது.

அடுத்த சில நாளில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. பட்டியலில் சில பிறந்த ஆண்டுகள் படிவங்களோடு ஒத்துவரவில்லை, திகதிகள் தெரியும் விதத்தைச் சீர்செய்யவும் என்று எழுதியிருந்தார்கள்.

இணைப்பாளர் இரண்டு முறை வாசித்தார். “ஆண்டிலைதானே பிரச்சினை?”

“ஓம் ஐயா.”

“அப்ப ஆண்டைக் காட்டாமல் விடும்.”

சிரிக்காதீர்கள். நான் செய்தேன். நாளும் மாதமும் மட்டும் தெரியும்படி வடிவமைப்பை மாற்றினேன். அரை நிமிட வேலை. உள்ளே ஆண்டு அப்படியே இருந்தது, வயதும் அந்த ஆண்டை வைத்தே கணக்கிடப்பட்டது. கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. கொழும்பிலிருந்து மறுகடிதம் வந்தது. பட்டியல் இப்போது மிகத் தெளிவாக இருக்கிறது, நன்றி என்று. அன்றைக்குத்தான் நான் அந்தத் தேநீரைக் குடித்தேன்.

மூன்றாம் மாத விநியோகம். பிலோமினா முதல் ஆளாக வந்து யன்னலடியில் நின்றாள். மாவை ஏற்றிவந்த லொறி முற்றத்தில் நின்றது. மீதியை அன்றைக்கே அடுத்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சாரதி அந்தரப்பட்டுக்கொண்டிருந்தான். நான் அவளுக்குத் தெரியட்டும் என்று திரையை யன்னல் பக்கம் திருப்பினேன். வாக்குவாதத்தைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நல்லெண்ணம் எதுவும் இல்லை.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். வரியை விரலால் தொடர்ந்து வாசித்தாள்.

“மிஸ், மார்கழி இருபத்தினாலு எண்டு கிடக்கு.”

“ஓம்.”

“இருபத்தினாலாம் திகதி நான் வயித்தோட கோயில் முற்றம் கூட்டினனான். விடியப் பூசைக்கு மணி அடிக்கேக்கைதான் இவள் பிறந்தவள். நத்தாருக்குப் பிறந்தபடியால்தானே நத்தாலியா எண்டு பேர் வைச்சது.”

நத்தார், கிறிஸ்மஸ், இருபத்தைந்து. “ஒரு நாள்தானே அம்மா...” என்று தொடங்கினேன்.

“வருசத்தை நீங்கள் விருப்பம்போலக் கூட்டுங்கோ குறையுங்கோ, மிஸ். நத்தாரை மாத்த ஏலாது.”

அந்தச் சொல் என்னை நிறுத்தியது. ஆண்டு தெரிந்திருந்தால் அவளும் நானும் ஆண்டைப் பற்றியே சண்டை பிடித்திருப்போம், நாளைப் பார்த்திருக்க மாட்டோம். ஆண்டை மறைத்ததால்தான் நாள் கண்ணில் பட்டது. எங்கள் இணைப்பாளர் அந்தத் திட்டத்துக்குச் செய்த ஒரே உதவி அதுதான், அதுவும் அவருக்குத் தெரியாமல் நடந்தது.

அவளுக்குப் பின்னால் முத்தையா நின்றார். பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சிப் பக்கம் குடியேறியவர்கள். அவர் உருத்திரபுரத்தில் வயல் செய்து, சண்டையில் ஊரை விட்டு எழும்பி வந்தவர். அவருடைய இரட்டைப் பிள்ளைகளும் கழிக்கப்பட்டிருந்தார்கள்.

“எங்க புள்ளைங்கள பாருங்க மிஸ்” என்றார். “பொங்கலன்னிக்குப் பொறந்ததுங்க. பானையை அப்புடியே போட்டுட்டு ஓடுனேன்.”

திரையில் தை பதின்மூன்று. பொங்கல் பதினான்கு.

ஒருவர் மாவுக்காகப் பொய் சொல்லலாம். ஆனால் பொய் சொல்கிறவர் வருடத்தைக் குறைப்பாரே தவிர ஒரு நாளைக் கூட்டுவாரா? ஒரு நாளைக் கூட்டி யாருக்கு என்ன லாபம்? கொக்கிளாய்க்காரியும் உருத்திரபுரத்துக்காரரும் கூடிப் பேசி ஒரே மாதிரி ஒரு நாளைக் கூட்டியிருப்பார்களா? நான் எழும்பி விறாந்தைக்குப் போனேன்.

“திருநாள் பெருநாளிலை பிறந்த பிள்ளையள் ஆருக்கெண்டாலும் இருக்கே?” என்று கேட்டேன்.

சனம் முதலில் விழித்தது. பிறகு கைகள் உயர்ந்தன. ஒரு பிள்ளை சித்திரை வருடப் பிறப்புக்கு, ஒன்று ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழாவன்று, ஒன்று ஆங்கில வருடப் பிறப்பன்று. இந்தச் சனம் பிறப்புச் சான்றிதழை இழந்தது, காணி உறுதியை இழந்தது, கூரையையும் இழந்தது. பிள்ளை எந்தத் திருநாளில் பிறந்தது என்பதை மட்டும் எந்த இடப்பெயர்விலும் தவறவிடவில்லை. ஓடிவந்து பார்த்தேன். சித்திரை பதினான்கு பதின்மூன்றாகவும், ஆவணி பதினைந்து பதினான்காகவும் இருந்தன. ஆங்கில வருடப் பிறப்புக்குப் பிறந்தது மட்டும் சரியாக இருந்தது. அந்தப் படிவத்தை நான் பதிந்த ஞாபகம் எனக்கு இருந்தது.

விரிதாளுக்குத் திகதி என்று ஒன்று கிடையாது. ஒரு முதல் நாளை வைத்துக்கொண்டு, அதிலிருந்து இது எத்தனையாவது நாள் என்று எண்ணி, அந்த எண்ணைத்தான் வைத்திருக்கும். நாங்கள் அந்த எண்ணுக்குத் திகதிச் சட்டை போட்டுப் பார்க்கிறோம். நான் சட்டையைக் கழற்றினேன். பிலோமினாவின் அட்டையில் பேனையால் எழுதியிருந்த திகதியைப் பக்கத்தில் பதிந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தேன். ஆயிரத்து நானூற்று அறுபத்திரண்டு நாள் வித்தியாசம். முத்தையாவின் பிள்ளைகளுக்கும் ஆயிரத்து நானூற்று அறுபத்திரண்டு. மற்ற இருவருக்கும் அதேதான். சரியாக நான்கு வருடமும் ஒரு நாளும்.

ஏன் என்று பின்னாளில்தான் அறிந்தேன். எங்கள் கணினி இனம் ஆயிரத்துத் தொளாயிரத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணுகிறது. ஆலோசகரின் கணினி இனம் நான்கு வருடமும் ஒரு நாளும் பிந்தித் தொடங்குகிறது. ஒன்றின் எண்ணை மற்றதில் ஒட்டினால் பிள்ளைகள் நான்கு வருடம் மூப்பாகிவிடுவார்கள். இதை வன்னியில் இருந்த நான் ஊகித்திருக்க வேண்டும். அந்த நாட்களில் அரசாங்கம் கடிகாரத்தை முன்தள்ளியிருந்தது, வன்னி தள்ளவில்லை. எங்கள் கடிகாரம் பழைய நேரம், வவுனியாவைத் தாண்டினால் புது நேரம், இடையில் அரை மணித்தியாலம். ஒருவரிடம் நேரம் கேட்டால் பழசா புதுசா என்றும் சேர்த்துக் கேட்போம். நேரத்துக்குக் கேட்கத் தெரிந்த எனக்குத் திகதிக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஜெனரேட்டர் இருமத் தொடங்கியது. மண்ணெண்ணெய் முடியப் போகிறது. இணைப்பாளரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“அப்ப கொழும்புக்கு எழுதுவம்” என்றார்.

“மறுமொழி வர அடுத்த மாசமாகும், ஐயா.”

“அடுத்த மாசம் குடுப்பம்.”

யன்னலுக்கு வெளியே பிலோமினாவின் தோளில் பிள்ளை அசையாமல் கிடந்தது. நான் கொழும்புக்குக் காத்திருக்கவில்லை. அவசரத்தில் முழு நிரலுக்கும் ஆயிரத்து நானூற்று அறுபத்திரண்டைக் கூட்டினேன். நத்தாலியாவுக்கு இரண்டு வயது வந்தது. எனக்குக் கண் கலங்கியது. இணைப்பாளர் பின்னாலிருந்து குனிந்து பார்த்தார்.

“தங்கச்சி, இந்தப் பிள்ளைக்கு கழித்தல் ரண்டு வயசு எண்டு கிடக்கு.”

ஆங்கில வருடப் பிறப்புக்குப் பிறந்த பிள்ளை. நான் சரியாகப் பதிந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரு சொடுக்கில் இன்னும் பிறக்காதவர்கள் ஆகிவிட்டார்கள்.

“பிறக்காத பிள்ளையளுக்குக் குடுக்கச் சட்டத்திலை இடமில்லை” என்றார் இணைப்பாளர். அவர் சொன்னதிலேயே முழுக்கச் சரியான வசனம் அது ஒன்றுதான்.

கூட்டியதை மீளப் பெற்றேன். எது கொழும்பிலிருந்து வந்த வரி, எது என் வரி என்று பிரிக்க வழியில்லை. அடையாளம் வைக்கவில்லை, பெயர் ஒழுங்கில் கலந்தாயிற்று, படிவங்கள் எல்லாம் கொழும்புக்குப் போயாயிற்று, மூலத் தட்டில் இணைப்பாளரின் கடிதங்கள் இருந்தன. யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஜெனரேட்டர் நின்றது. திரை கறுத்தது.

அந்த அமைதியில்தான் எனக்கு வெட்கம் முழுதாக வந்தது. நான் இருட்டுத் திரைக்குள் தேடிக்கொண்டிருந்த திகதிகள் எல்லாம் யன்னலுக்கு வெளியே, ஒவ்வொரு தாயின் பொலித்தீன் பைக்குள்ளும் மூன்று மாதமாக இருந்தன. ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு விறாந்தையில் போய் இருந்தேன். “அட்டையைத் தாங்கோ, பிள்ளையைக் காட்டுங்கோ” என்றேன். அட்டையை வாசித்தேன், பிள்ளையைப் பார்த்தேன், எழுதினேன். அட்டை இல்லாதவர்களிடம் எந்தத் திருநாளுக்கு முன்னே பின்னே என்று கேட்டேன். ஒருவருக்கும் தடுமாற்றம் இருக்கவில்லை. மாவுக்காக வயதைக் குறைத்துச் சொன்ன ஒரு தாயும் அகப்பட்டாள். அவளுடைய மகன் வரிசையில் நின்றபடியே பல்லு விழுந்த வாயால் சிரித்தான். அவனைத் திருப்பி அனுப்பினேன்.

இணைப்பாளர் என் பக்கத்தில் வந்து நின்றார். “கையாலை எழுதின பட்டியலை ஆர் ஏற்றுக்கொள்ளுவினம்?”

“நான் பேர் எழுதிக் கையெழுத்து வைக்கிறன் ஐயா. வேலை போனா போகட்டும்.”

அவர் என் கொப்பியைக் குனிந்து பார்த்தார். என் பேனை மை வற்றிக் கீறிக்கொண்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து தன் பேனையை எடுத்து நீட்டினார். “என்ர பேரைப் போடாதையும். பேனையை வேணுமெண்டா எடும்” என்றார். அவருடைய நெடுங்கால அரச சேவையில் அது எவ்வளவு பெரிய புரட்சி என்று எனக்குத் தெரியும். லொறிச் சாரதியைச் சமாதானப்படுத்தியதும் அவர்தான்.

கொழும்பிலிருந்து இரண்டு கடிதங்கள் ஒரே தபாலில் வந்தன. ஒன்று எனக்கு எச்சரிக்கை. கணினியில் இல்லாத பட்டியலின்படி பொருட்கள் வழங்கியது ஒழுங்குமீறல், இனிமேல் இப்படி நடக்கக் கூடாது. மற்றது அலுவலகத்துக்குச் சான்றிதழ். எங்கள் கணினி இரண்டாயிரமாம் ஆண்டுக்குத் தயார் என்று அரை வருடம் பிந்தி உறுதிப்படுத்தியிருந்தார்கள். இணைப்பாளர் அதற்குச் சட்டம் போட்டுக் கணினிக்கு மேலே தொங்கவிட்டார். கணினி அன்றைக்குக் காலையும் எண்பதாம் ஆண்டில்தான் எழும்பியது.

நான் இரண்டு கிழமையாகக் கொப்பியை வைத்து ஒவ்வொரு வரியாகத் திருத்தினேன். பக்கத்தில் ஒரு புது நிரல் போட்டு, இந்தத் திகதி எங்கிருந்து வந்தது என்றும் எழுதினேன். ‘அட்டை’, ‘தாய் சொன்னது’, ‘திருநாள்’ என்று. நீங்கள் எந்தப் பட்டியலைத் தொட்டாலும் அந்த நிரலைப் போடுங்கள். அது இல்லாத பட்டியலை நான் பிறகு ஒருநாளும் நம்பியதில்லை.

நான்காம் மாதம் நத்தாலியாவின் பெயரை நானே வாசித்தேன். பிலோமினா மாவை வாங்கிக்கொண்டு யன்னலடிக்கு வந்தாள். திரையை அவள் பக்கம் திருப்பினேன். மார்கழி இருபத்தைந்து.

“வருசத்தையும் காட்டுங்கோ, மிஸ்.”

வடிவமைப்பை மாற்றினேன். ஆண்டு வந்தது. பக்கத்து நிரலில் வயதும் நின்றது. அவள் கம்பியைப் பிடித்தபடி ஆறுதலாக வாசித்தாள்.

“இப்ப உங்களுக்கும் என்ர பிள்ளைக்கு ரண்டு வயசு” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குத் தாங்க முடியவில்லை. தவறிப்போன இரண்டு மாதத்துக்கும் சேர்த்து மா கொடுக்கலாமா என்று இணைப்பாளரைக் கேட்டேன். முன்திகதியிட்டு வழங்க விதியில் இடமில்லை என்றார். பிலோமினாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் மாவைக் கீழே வைத்தாள். பொலித்தீன் பையிலிருந்து நிறை அட்டையை எடுத்து, அன்று காலை மருத்துவமாது கீறிய கோட்டைப் பார்க்கும்படி என்னிடம் நீட்டினாள்.

கடைசி மாதத்தில் கோடு கொஞ்சம் மேலே ஏறத் தொடங்கியிருந்தது. அதற்கு முன் இரண்டு மாதமும் கீழே இறங்கியிருந்தது. நான் “பிழை விடாது” என்று சொன்ன மாதமும், அவளிடம் படிவத்தை நிரப்பி வாங்கிய மாதமும் அவை. ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே மருத்துவமாது பேனையால் திகதி எழுதியிருந்தா. ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லாத் திகதிகளும் சரியாகத்தான் இருந்தன.